தூண்டில் மீனின் விளக்கு வெயிலில் சார்ஜ் ஆவதில்லை

எட்டாம் வகுப்பு மகளின் அறிவியல் கண்காட்சிக்கு ஆழ்கடல் தூண்டில் மீன் மாதிரி செய்கிறீர்கள். பகலில் வாங்கிய வெயிலை அது இரவில் விடுகிறது என்று எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. அது சுவரில் ஒட்டும் நட்சத்திர ஸ்டிக்கர் செய்கிற வேலை. 1000 மீட்டருக்குக் கீழே வெயிலே இல்லை, எதை வாங்கி வைப்பது?

நடப்பது வேதிவினை. லூசிஃபெரின் என்ற பொருள் ஆக்சிஜனோடு சேர்கிறது, லூசிஃபெரேஸ் என்ற நொதி அதை வேகப்படுத்துகிறது. அப்போது ஒளி வரும், சூடு தெரியாது. தூண்டில் மீனில் வேடிக்கை என்னவென்றால், விளக்கே அதனுடையது இல்லை. தலையிலிருந்து தூண்டில் போல நீளும் உறுப்பின் நுனிக் குமிழில் குடியிருக்கும் பாக்டீரியாதான் ஒளிர்கிறது, அதைப் பார்த்து இரை நெருங்கி வரும். ஆணுக்கு அந்தத் தூண்டிலும் கிடையாது, அதனால் மாதிரியில் 'பெண் மீன்' என்றே எழுதச் சொல்லுங்கள்.

ஆழ்கடலில் ஒளி இரை பிடிக்க மட்டும்தானா என்றால், இல்லை. கோடரி மீன் என்ற இன்னொரு கடல் மீன், மேலிருந்து வரும் மங்கல் வெளிச்சத்துக்குச் சமமாகத் தன் வயிற்று விளக்குகளை எரியவிடும். கீழே இருக்கும் எதிரிக்கு அதன் நிழலுரு தெரியாது. விளக்கைப் போட்டு ஒளிந்துகொள்கிறது! எனக்குப் பிடித்தது இதுதான்.

2019 ஆகஸ்டில் சென்னையின் பெசன்ட் நகர், திருவான்மியூர் அலைகள் மின்னியதும் இதே வகை வேதிவினைதான். ஆனால் அது நாக்டிலூகா என்ற ஒருசெல் உயிரி, ஆழ்கடல்வாசி இல்லை.

அப்புறம், மாதிரியில் வைத்திருக்கும் மஞ்சள் எல்இடியை நீலமாக மாற்றிவிடுங்கள். கடல்நீரில் தூரம் போவது நீலம்தான், ஆழ்கடல் ஒளியும் பெரும்பாலும் நீலமே. நீல எல்இடி சென்னை ரிச்சி தெரு மின்னணுக் கடைகளில் கிடைக்கும்.