காகித மகனின் பெட்டி

அன்புள்ள ஐயா,

கலிஃபோர்னியாவில், சான் ஹோசே பக்கம் ஒரு சமுதாயக் கல்லூரியில் ஆங்கிலம் எடுக்கிறேன். முதலாண்டு வகுப்பு, 26 பேர். பாதிப் பேர் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள். சில வருடங்களுக்கு முன் நீங்கள் ஓர் உரையில் ஃபே மியென் ங் எழுதிய 'எலும்பு' நாவலைப் பற்றிப் பேசினீர்கள். அதைக் கேட்டுத்தான் நானும் படித்தேன். இந்தப் பருவத்தில் அதையே பாடமாக வைத்தேன்.

"நாவலில் சீனப் பண்பாட்டுக்கும் அமெரிக்கப் பண்பாட்டுக்கும் நடக்கும் மோதலை விவாதிக்கவும்" என்று ஐந்து பக்கக் கட்டுரை கேட்டேன். வந்ததெல்லாம் ஒரே அச்சு. அடையாளச் சிக்கல், தலைமுறை இடைவெளி, இரண்டு உலகங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட பெண். சிலவற்றை இயந்திரம் எழுதியிருக்குமோ என்று சந்தேகம். ஆனால் சொந்தமாக எழுதியவர்களும் இதையேதான் எழுதியிருக்கிறார்கள். ஒரு பெண் மட்டும் வேறு மாதிரி. அவள் தாத்தா தென் சீனாவில் தோய்சான் என்ற ஊர்ப்பக்கத்திலிருந்து வந்தவராம். ஒரே ஒரு பக்கம் எழுதி, "இதற்கு மேல் போனால் எங்கள் வீட்டுக் கதை ஆகிவிடும்" என்று நிறுத்திவிட்டாள். நீளம் போதாது என்று மதிப்பெண் குறைத்தேன். அன்றிலிருந்து மனசு சரியில்லை.

இவர்களை யோசித்து எழுத வைப்பது எப்படி? வீட்டில் வேறு மொழி பேசுகிற பிள்ளைகளின் ஆங்கிலப் பிழைகளை எவ்வளவு தூரம் திருத்தலாம்?

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள பேராசிரியைக்கு,

முதலில் ஓர் ஒப்புதல் வாக்குமூலம். நீங்கள் கேட்ட அந்த உரையில் நானும் 'தலைமுறை இடைவெளி' என்றுதான் முழங்கினேன். பேசி முடித்து டீ குடிக்கும்போது ஒருவர் வந்து, "நாவலில் வரும் அந்த அப்பா லியோனுக்கு மொத்தம் எத்தனை பெயர் சார்?" என்று கேட்டார். திருதிருவென்று முழித்தேன். வீட்டுக்கு வந்து மறுபடி படித்தேன். நாவலை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் படித்தேன் என்று சொல்ல வேண்டும். ஆகவே உங்கள் மாணவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

மற்ற வாசகர்களுக்காக நாவலைப் பற்றிக் கொஞ்சம். 1993இல் வெளிவந்தது. (ஆங்கிலத் தலைப்பை அப்படியே எழுதினால் 'போன்' என்று ஆகி, எல்லோரும் சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பார்கள்.) ஆசிரியரின் குடும்பப் பெயரைச் சொல்வதற்கு ஆங்கிலேயர் திணறுவார்கள். தென் சீனாவில் பேசும் கண்டோனீஸில் அது வெறும் ஙகர ஒற்று. 'ஙப் போல் வளை'க்கு அப்புறம் சொல்லின் முதலில் நாம் வேலை கொடுக்காத எழுத்துக்கு இங்கே ஒரு வேலை. கதை நடப்பது சான் ஃபிரான்சிஸ்கோ சைனாடவுனில், சால்மன் சந்தில். மா என்று பெண்கள் கூப்பிடும் அம்மா தையல்காரி. அப்பா லியோன் கப்பலில் வேலை பார்த்தவர். பெண்கள் மூவர்: லெய்லா, ஓனா, நீனா. நடுப்பெண் ஓனா தற்கொலை செய்துகொள்கிறாள். கதையைச் சொல்பவள் மூத்தவள் லெய்லா.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கோளாறு கட்டுரைகளில் இல்லை, வினாத்தாளில் இருக்கிறது. 'இரண்டு பண்பாடுகளின் மோதல்' என்று நீங்களே பதிலை எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். அவர்கள் அதைத் தண்ணீர் விட்டு ஐந்து பக்கம் ஆக்கித் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வேலையை இயந்திரம் இன்னும் நன்றாகவே செய்யும். அடுத்த முறை 'பண்பாடு' என்ற சொல்லையே கட்டுரையில் தடை செய்து பாருங்கள். அது வர வேண்டிய இடத்திலெல்லாம் எந்தச் சட்டம், எவ்வளவு கூலி, எந்தக் காகிதம் என்று எழுதச் சொல்லுங்கள்.

உதாரணத்துக்கு லியோனின் மௌனம். அவர் தன் பழைய கதையை நேராகச் சொல்வதில்லை, கேட்டால் நழுவுகிறார். உங்கள் மாணவர்கள் இதை 'ஆசியத் தந்தையின் இறுக்கம்' என்று எழுதியிருப்பார்கள், பந்தயம் கட்டுகிறேன். அவர்களுக்கு நீங்கள் சொல்ல வேண்டிய வரலாறு இது. சீனத் தொழிலாளர்கள் உள்ளே வரக்கூடாது என்று அமெரிக்கா 1882இல் சட்டம் போட்டது. வணிகர், மாணவர், குடிமக்களின் பிள்ளைகள் என்று சிலருக்கு மட்டும்தான் வழி. 1906 ஏப்ரலில் சான் ஃபிரான்சிஸ்கோவில் நிலநடுக்கம், அதைத் தொடர்ந்து பெருந்தீ. நகரத்தின் பிறப்புப் பதிவேடுகள் எரிந்துபோயின. 'நான் இங்கேதான் பிறந்தேன்' என்று ஒரு சீனர் சொன்னால், இல்லை என்று காட்ட ஏடு கிடையாது. அப்படிக் குடிமகன் ஆனவர் ஊருக்குப் போய்த் திரும்பும்போது, அங்கே ஒரு மகன் பிறந்திருக்கிறான் என்று பதிந்து வைப்பார். பிறக்காத மகனின் பெயரில் ஓர் இடம் தயார். பிற்பாடு அந்த இடத்தை விலைக்கு வாங்கி, அந்தப் பெயரில் கப்பலேறி வருகிறவன்தான் காகித மகன்.

அரசுக்கும் இது தெரியும். 1910 முதல் 1940 வரை வந்தவர்களை சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் உள்ள ஏஞ்சல் தீவில் அடைத்து வைத்து விசாரித்தார்கள். உன் வீட்டு வாசலில் எத்தனை படி? கிணறு எந்தப் பக்கம்? இரண்டாவது வரிசையில் மூன்றாவது வீட்டில் யார் குடியிருக்கிறார்கள்? வந்தவன் சொல்லும் பதிலும் அப்பா என்று சொல்லப்படுபவர் சொல்லும் பதிலும் ஒத்துப்போக வேண்டும். மனப்பாடம் செய்வதற்கென்றே குறிப்பேடுகள் இருந்தன. கரை வருவதற்குள் அதைக் கடலில் போட்டுவிட வேண்டும். பெற்ற மகனே படிக்கட்டுக் கணக்கில் தவறிவிடுவதும் உண்டு, காகித மகன் பிசகாமல் ஒப்பித்துத் தேறிவிடுவதும் உண்டு. விலக்குச் சட்டம் 1943இல் போயிற்று, ஆனால் வருடத்துக்கு 105 பேர் என்று ஒதுக்கீடு வைத்தார்கள். 1956 முதல் 1965 வரை, உண்மையைச் சொல்லிவிட்டால் சலுகை உண்டு என்று ஓர் ஒப்புதல் திட்டம் நடந்தது. ஒருவர் வாயைத் திறந்தால் அதே காகிதத்தில் கட்டுண்ட அண்ணன், சித்தப்பா, அவர்கள் பிள்ளைகள் அத்தனை பேரின் குட்டும் வெளிப்பட்டுவிடும்.

இதற்குப் பிறகு லியோன் வாயைத் திறக்கும் காட்சிகளைப் படிக்கச் சொல்லுங்கள். அந்த மௌனத்தை அவர் கன்ஃபூசியஸிடம் கற்றுக்கொள்ளவில்லை, குடியேற்ற அதிகாரியிடம் கற்றுக்கொண்டார்.

பண்பாடு என்ற ஒன்றே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. அந்நிய மண்ணில் இறந்தவரின் எலும்பைச் சொந்த ஊருக்கு அனுப்பும் வழக்கம் பண்பாடுதான். ஆனால் நாவலில் அது எந்த வழியாக உள்ளே வருகிறது என்று பார்க்க வேண்டும். லியோங் தாத்தா என்பவர் லியோனின் காகித அப்பா. அவருடைய பெயருக்கு லியோன் கொடுத்த விலை 5000 டாலர். அதோடு ஒரு வாக்கு: தாத்தா இறந்தால் எலும்பைச் சீனாவுக்கு அனுப்பி வைப்பது. அதாவது எலும்பு அந்த விலையில் ஒரு பகுதி. அந்த வாக்கை அவரால் காப்பாற்ற முடியவில்லை. கல்லறையைத் தோண்டி, லியோங் என்ற பெயர்க்காரர்கள் எல்லோருடைய எலும்பையும் ஒன்றாகப் புதைத்துவிட்டார்கள். எது யாருடையது என்று இனிச் சொல்ல முடியாது. ஓனா இறந்ததற்கு இந்தக் கடன்தான் காரணம் என்று லியோன் நம்புகிறார். இதை மூடநம்பிக்கை என்று ஒரு மாணவர் எழுதினால், பாக்கி வைத்தவனின் பயம் என்றும் வாசிக்கலாமா என்று ஓரத்தில் ஒரு கேள்வி எழுதிக் கொடுங்கள்.

வகுப்பில் செய்ய ஒரு வேலை. கரும்பலகையில் இந்தக் குடும்பத்தின் வம்ச மரத்தை வரையச் சொல்லுங்கள். இரத்த உறவுக்கு ஒரு நிறம், காகித உறவுக்கு வேறு நிறம். லியோங் தாத்தாவுக்கும் லியோனுக்கும் நடுவில் காகிதம். லெய்லா மாவின் முதல் கணவருக்குப் பிறந்தவள். அவர் இவர்களை விட்டுவிட்டு ஆஸ்திரேலியா போய்விட்டார். ஆக, லியோனுக்கும் அவளுக்கும் நடுவிலும் இரத்தம் இல்லை. இப்போது லியோனுக்கு ஓய்வுப் பணம் வாங்குவதற்காக அவருடைய பழைய பெட்டியை லெய்லா திறக்கும் இடத்துக்கு வாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் போட வையுங்கள். ராணுவம் வேண்டாம் என்று அனுப்பிய கடிதம், வேலை இல்லை என்ற கடிதம், வீடு வாடகைக்குக் கிடையாது என்ற கடிதம். தன்னை வேண்டாம் என்று சொன்ன ஒவ்வொரு தாளையும் அந்த மனிதர் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார். ஏன்? தாள்தான் தன்னை உள்ளே விட்டது, தாள்தான் ஒருநாள் வெளியே தள்ளவும் செய்யும் என்று அவருக்குத் தெரியும். கடைசியில், பொய் நிறைந்த இந்தப் பெட்டி முழுக்கத் தனக்கு வந்த சொத்து என்று லெய்லா ஏற்றுக்கொள்கிறாள். பெற்ற மகள் இதைச் சொல்லியிருந்தால் சாதாரணம். வளர்ப்பு மகள் சொல்கிறாள். ஐந்து பக்கம் வேண்டுமென்றால் இந்த ஓர் இடத்தைப் பற்றியே எழுதலாம். தலைமுறை இடைவெளி என்ற சொல் அங்கே நுழையவே முடியாது.

மாவைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா? அநேகமாக 'தியாகத் தாய்' என்று ஒரு வரி இருக்கும். பீஸ் ரேட்டில், அதாவது உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியில், தைக்கும் ஒரு பெண்ணுக்கு ஒரு நாளில் எத்தனை மணி நேரம் மிஞ்சுகிறது, வீட்டுக்கு எடுத்து வந்த துணிகளில் பெண்கள் எவ்வளவு கைவேலை செய்கிறார்கள் என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் உங்கள் மாணவர்கள் இதை உங்களையும் என்னையும்விட நன்றாக எழுதுவார்கள்.

இன்னொன்று, ஓனா. அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று துப்பறிய விடாதீர்கள். சலவைக் கடைக் கூட்டாளி லியோனை ஏமாற்றினார், அந்தக் கூட்டாளியின் மகனோடு ஓனாவின் காதல் முறிந்தது, அதனால் இறந்தாள் என்று மூன்று வரியில் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். நாவல் ஏறக்குறைய பின்னோக்கிப் போகிறது என்பதை இங்கேதான் கவனிக்க வேண்டும். நிகழ்ச்சிகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, நடந்த வரிசையில் மேஜையில் அடுக்கச் சொல்லுங்கள். அடுக்கியதும் அது சாதாரணத் துயரக் கதையாகிவிடும்: காரணம், காரணம், மரணம். திரும்ப ஆசிரியர் வைத்த வரிசைக்குக் கலைத்துப் போடுங்கள். மரணம் நமக்கு முதலிலேயே தெரிந்துவிடுகிறது. அதற்கப்புறம் வருகிற ஒவ்வொரு பழைய நாளும், சும்மா சாப்பிட உட்காரும் நாள்கூட, நெஞ்சை அடைக்கிறது. இறந்தவர் இருந்த வீட்டில் ஞாபகம் இப்படித்தான் வேலை செய்கிறது. இந்த அத்தியாயங்களைப் படிப்பதற்கு முன்னால் வகுப்பில் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். 26 பேரில் வீட்டில் இப்படி ஒருவரை இழந்தவர் இருக்கலாம்.

அந்த ஒரு பக்கம் எழுதிய பெண்ணுக்கு வருகிறேன். அவளை வகுப்பின் சீனப் பிரதிநிதி ஆக்கிவிடாதீர்கள். காகித மகன்களில் நிறையப் பேர் தோய்சான் பக்கத்துக்காரர்கள். வாங்கிய பெயரையே இன்றும் குடும்பப் பெயராக வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அவள் வீடு அப்படியா என்று உங்களுக்குத் தெரிய வேண்டாம், கேட்கவும் வேண்டாம். ஆனால் 26 பேரில் நாவல் புரிந்த ஒருத்தி அவள்தான் என்று நான் சந்தேகப்படுகிறேன். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்ற கணக்கில்தான் இந்த நாவலே ஓடுகிறது. அவள் அதே கணக்கைப் போட்டு ஒரு பக்கத்தில் நிறுத்தியிருக்கிறாள். கூப்பிட்டு மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுங்கள். 'தவறு என்னுடையது' என்றும் அவளிடம் சொல்லிவிடுங்கள். இன்னும் எழுத விருப்பம் இருந்தால், வீட்டைப் பற்றி வேண்டாம், லெய்லா எந்தெந்த இடத்தில் சொல்லாமல் நிறுத்துகிறாள் என்பதைப் பற்றி எழுதலாம் என்று வழி காட்டுங்கள்.

உங்களுக்கு இடமும் பக்கம். விலக்குச் சட்ட காலத்து விசாரணைக் கோப்புகள் சான் புரூனோவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டு ஒரு சனிக்கிழமையைத் தியாகம் செய்யாமல் வேலை நாளிலேயே கூட்டிப் போங்கள். கேள்வியும் பதிலுமாக ஒரு கோப்பைப் படித்துவிட்டால் லியோனின் பெட்டி எத்தனை கனம் என்று தெரிந்துவிடும். ஏஞ்சல் தீவுக்கு நான் டிபுரானிலிருந்து படகில் போனேன். அடைபட்டவர்கள் மரச்சுவரில் கீறிய கவிதைகள் இருக்கின்றன. 200க்கு மேல் படியெடுத்திருக்கிறார்கள். இடிக்க இருந்த கட்டிடம் அது. 1970இல் ஒரு பூங்காக் காவலர் கண்ணில் பட்டதால் பிழைத்தது. பெண்கள் தங்கியிருந்த கட்டிடம் 1940 தீயில் போய்விட்டது. அவர்கள் சுவரில் என்ன எழுதினார்கள் என்று பார்க்க இப்போது சுவர் இல்லை.

கடைசியாகப் பிழைகள். பொருளைக் கெடுக்கும் பிழையைத் திருத்துங்கள். மற்றதை இரண்டாம் வரைவு வரை விடுங்கள், முதல் வரைவிலேயே சிவப்பு மையைக் கண்டால் பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த பத்து வாக்கியங்களுக்குள் பதுங்கிக்கொள்வார்கள். நாவலின் கடைசிப் பக்கத்தில் லெய்லா சால்மன் சந்தை விட்டுப் புறப்படும்போது ஒரு பழைய நீலப் பலகையைப் பார்க்கிறாள். 2-4-6, மாடி என்று அறிவிக்கும் பலகை. 'அப்ஸ்டேர்ஸ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'அப்டேர்' என்று இருக்கிறது. வருடா வருடம் யாரோ அதற்குப் புதுப் பெயிண்ட் அடிக்கிறார்கள், எழுத்தை மட்டும் யாரும் திருத்துவதில்லை. ஏன் திருத்தவில்லை, ஒரு பக்கத்துக்குள் எழுதவும். அடுத்த கட்டுரைக்கு இந்தக் கேள்வியைக் கொடுத்துப் பாருங்கள். வருகிற பதில்களில் இரண்டு மூன்றை, பெயரை எடுத்துவிட்டு, எனக்கும் அனுப்புங்கள்.