இலங்கை மலைநாட்டில் ஓடும் எஸ்யூவிக்கு சைட் ஸ்டெப் (கதவுக்குக் கீழே கால் வைத்து ஏறும் படி) போடலாமா? போட்டால் அடி தட்டுமா?

தட்டும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தக் கேள்வியோடு கடைக்குப் போனால் உங்களுக்குத் தேவையில்லாத சாமானைத்தான் தலையில் கட்டுவார்கள். வண்டியில் யார் ஏறி இறங்கப் போகிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மலைநாட்டில் இருந்துகொண்டு ஸ்டெப் தேடுகிறீர்கள் என்றால் வீட்டில் மூட்டுவலிக்காரர் ஒருவராவது இருப்பார் என்று நானே எடுத்துக்கொள்கிறேன். இல்லை, பார்வைக்கு மட்டும்தான் என்றால் பளபளவென்று ஒரு பைப் வாங்கிப் போடுங்கள், அவரவர் காசு.

எங்கள் வீட்டில் அம்மா. ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்து, பென்ஷன் வயது வரை மலை ஏறி இறங்கியவர். இப்போது முழங்கால் இரண்டும் மடங்காது. கிளினிக் நாளில் அவரை வண்டியில் ஏற்றுவது தனி வேலை. "தூக்காதடா, நானே ஏறிக்குவேன்" என்பார். டிக்கியில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வைத்திருந்தேன். எங்கள் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் சமதரை என்று ஒன்று கிடையாது, ஸ்டூலின் ஒரு கால் எப்போதும் காற்றில்தான் நிற்கும். நான் ஸ்டூலைப் பிடிப்பதா, அம்மாவைப் பிடிப்பதா?

என்னுடையது சுசுகி கிராண்ட் விட்டாரா. "பழைய விட்டாராவுக்கு இதெல்லாம் தேவையா, காசுத் திமிர்" என்று கீழே எழுத வருபவர்களுக்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து இருக்கிற வண்டியைத்தான் பூசி மெழுகி ஓட்டுகிறோம். 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள், ஆனால் அந்த விலைக்கு நாங்கள் எங்கே போவது? வண்டியை மாற்ற முடியாதவன் வண்டிக்குப் படி போடுகிறான், அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கடையில் மூன்று மாதிரி காட்டுவார்கள். ஒன்று உருண்டைப் பைப். கால் வைக்கும் இடத்தில் மட்டும் ஒரு சாண் பிளாஸ்டிக் தகடு ஒட்டியிருக்கும். மச்சானுடைய பிக்கப்பில் அதுதான் இருக்கிறது. ஒரு மழை நாளில் அம்மா அதில் கால் வைத்தார். ரப்பர் செருப்பின் முன்பாதி தகட்டில், குதிகால் பைப்பில். குதிகால் அப்படியே வழுக்கியது. கதவைப் பிடித்திருந்ததால் தப்பினார். பைப் இளைஞர்களுக்குச் சரி, ஆனால் தோட்டத்துச் சேற்றுக்கும் மழைக்கும் சரியே இல்லை.

இரண்டாவது அகலப் பலகை மாதிரி. பெரும்பாலும் அலுமினியம், மேலே ரப்பர் வரிகள் ஓடும், முழுப் பாதமும் உட்காரும். நான் போட்டது இதுதான். மூன்றாவது கனமான இரும்புக் குழாய், செசியோடு (வண்டியின் அடிச்சட்டத்தோடு) சேர்த்துப் போடுவது. பாறையில் வண்டி உட்கார்ந்தாலும் கதவின் கீழ்ப்பகுதி நசுங்காமல் காப்பதுதான் அதன் வேலை. ஏறுவதற்குப் படியாகவும் உதவும், ஆனால் உயரத்தில் இருப்பதால் முழங்கால் மடங்காதவருக்கு லாபம் குறைவு. இந்த இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இருக்கும் வித்தியாசம் தெரியாமல், பலகையை வைத்து ஜாக் அடிக்கப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பலகையைத் தாங்கும் பிராக்கெட் வளைந்து கதவே திறக்காமல் போகும். பலகை ஆள் ஏறுவதற்கு மட்டும்.

அடி தட்டும் கதை இதுதான். என் கிராண்ட் விட்டாராவின் கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிக்கும் உள்ள இடைவெளி, 200 மில்லிமீற்றர். அது வண்டியின் மிகத் தாழ்ந்த இடத்துக்கான கணக்கு. சமதரையில் பலகை அதைவிட மேலேதான் நிற்கும், ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு மேட்டின் உச்சியைத் தாண்டும்போது முன் டயர் இறங்கி, பின் டயர் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். மேடு வந்து நிற்பது இரண்டு டயருக்கும் நடுவே. பலகை இருப்பதும் அங்கேதான். தண்ணீர் போக ரோட்டுக்குக் குறுக்கே வெட்டிய கான்களிலும் இதே கதை. பலகையைக் கீழே இறக்கினால் அம்மாவுக்குச் சுகம், வண்டிக்கு ஆபத்து. மேலே ஏற்றினால் நேர்மாறு. இரண்டுக்கும் பொதுவான உயரம் என்று எந்தக் கடைக்காரனாலும் சொல்ல முடியாது. வாங்குவதற்கு முன் செங்கல்லும் பலகைத் துண்டும் அடுக்கி, எந்த உயரத்தில் அம்மா தானாக ஏறுகிறார் என்று வீட்டு வாசலில் பாருங்கள். அந்த அளவை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். இன்னொன்று, படி மட்டும் போதாது, கைப்பிடியும் வேண்டும். முன் சீட்டில் கண்ணாடி ஓரத் தூணில் பிடி இருந்தால் அதை இழுத்துப் பாருங்கள், ஆடினால் படிக்கு முன் அதைச் சரிசெய்யுங்கள்.

நான் கொழும்பில் ஒரு சாமான் கடைக்குப் போன் பண்ணி, ஐந்து கதவு என்று தெளிவாகச் சொல்லி, பஸ்ஸில் அனுப்பச் சொன்னேன். கொண்டக்டரிடம் வாங்கி வந்து பிரித்தால் மூன்று கதவு வண்டியின் பலகை. இந்த மாடலில் இரண்டுக்கும் வீல்பேஸ் (முன் டயருக்கும் பின் டயருக்கும் உள்ள தூரம்) 2440, 2640 என்று 200 மில்லிமீற்றர் வித்தியாசம். பின் கதவுக்குப் பாதிப் பலகைதான் வரும். "நீங்க சொல்லல" என்று ஒரே பிடி. நல்லவேளை வட்ஸ்அப்பில் எழுதியும் அனுப்பியிருந்தேன். மாற்றிக் கொடுத்தார்கள், பஸ் கூலி என் தலையில். நீங்கள் மாடல், வருடம், கதவு எண்ணிக்கை மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பொருத்தும்போது கராஜில் பாஸ் (மெக்கானிக்) ஒரே வார்த்தையில் "வெல்டிங் அடிச்சிருவோம் தம்பி" என்றார். நான் விடவில்லை. கதவுக்குக் கீழே ஓடும் அந்தப் பெட்டித் தகடு மெல்லிசு. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் உள்பக்கப் பூச்சு எரிந்துவிடும், எங்கள் மழைக்கு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். உள்ளே ஓடும் வயரையும் பைப்பையும் கேட்கவே வேண்டாம். பெரும்பாலான எஸ்யூவிகளில் அடியில் கம்பனியே துளை விட்டிருக்கும், செட்டோடு வரும் பிராக்கெட் அதற்குத்தான். துளைக்குள் சேறு இறுகியிருந்தால் கம்பித் தூரிகையால் சுரண்டி, எண்ணெய் விட்டு ஊறவையுங்கள், போல்ட்டை அடித்து ஏற்றாதீர்கள். எல்லா போல்ட்டையும் முதலில் தளர்வாகப் போட்டு, பலகையைத் தூக்கி வைத்து, முன்னும் பின்னும் கதவிலிருந்து ஒரே இடைவெளி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முதலில் இறுக்கினால் மறுபக்கத் துளை சேராது. தண்ணீர் வடிய விட்ட சிறு துளைகளையும், ஜாக் வைக்கும் இடத்தையும் பிராக்கெட் மறைக்கக் கூடாது. பாஸ் முகத்தைச் சுளித்தார், ஆனால் செய்தார்.

குறையும் சொல்ல வேண்டும் அல்லவா? உயரமான ஆட்களுக்குப் படி தேவையில்லை, இறங்கும்போது சேறு பட்ட பலகை காற்சட்டையின் பின்பக்கத்தைத் துடைத்துவிடும். என் தம்பி இன்றுவரை திட்டுகிறான்.

இதையெல்லாம் எழுதும்போது எனக்கு ஆத்திரம் வருவது வேறு இடத்தில். ரோடு ரோடாக இருந்தால் நாங்கள் ஏன் அரை அடி கணக்குப் பார்க்க வேண்டும்? தோட்டத்து ரோட்டைச் செய்யச் சொல்லிப் பிரதேச சபைக்குப் போனால் "அது கம்பனிக்காரன் ரோடு" என்பார்கள், தோட்டத்தை நடத்தும் கம்பனியிடம் போனால் கையை விரிப்பார்கள். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபை பணம் செலவழிக்கத் தடையாக இருந்தது உண்மைதான். ஆனால் 2018இல் அதைத் திருத்திவிட்டார்களே! எங்கள் டிவிஷனுக்கு ஏறும் ரோட்டில் போன மழைக்கு விழுந்த குழி இன்னும் அப்படியே கிடக்கிறது. ஓட்டுக் கேட்டு வரும்போது மட்டும் எல்லா ஜீப்பும் அதில் ஏறி வருகிறது, எல்லாவற்றிலும் வண்டியோடு வந்த ஸ்டெப்.

சரி, கோபத்தை விடுங்கள். பொருத்தி ஒரு வாரம் தோட்டத்து ரோட்டில் ஓடிய பிறகு எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள், குலுக்கலில் தளர்ந்திருக்கும். எந்த மாடல், எத்தனை கதவு என்று கீழே எழுதினால் பிராக்கெட் எப்படி வரும் என்று பார்த்துச் சொல்கிறேன்.