சாம்பா வழியாகப் பகிர்ந்த பிரிண்டர் ஒரு நாள் ஓடுகிறது, ஒரு நாள் ஓடுவதில்லை. எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

கேள்வி கேட்டவரின் நிலைமை இது: பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு, சாம்பா (லினக்ஸில் இருப்பதை விண்டோஸ் கணினிகளோடு பகிரும் மென்பொருள்) மூலம் ஆபீஸ் முழுக்கக் கோப்புகளையும் பிரிண்டரையும் பகிர்ந்திருக்கிறார். கோப்புகள் ஒழுங்காகத் திறக்கின்றன. பிரிண்டர் மட்டும் தகராறு செய்கிறது; சில நேரம் 'ஆக்சஸ் டினைட்' என்கிறது. யூடியூபில் சொன்னதையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் செய்து பார்த்துவிட்டார், இப்போது எது எதைக் கெடுத்தது என்றே புரியவில்லை.

முதல் வேலை, செய்த மாற்றங்களையெல்லாம் திரும்ப எடுங்கள். குறிப்பாக, எஸ்எம்பி (விண்டோஸும் சாம்பாவும் பேசிக்கொள்ளும் நெறிமுறை) முதல் பதிப்பை மறுபடி இயக்கச் சொல்லி யாராவது சொல்லியிருந்தால் அதை உடனே அணையுங்கள். 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணயத் தீநிரல் பரவியது அந்தப் பழைய வழியில்தான். சாம்பாவே 2019இல் வந்த 4.11 பதிப்பிலிருந்து அதை இயல்பாக மூடி வைத்திருக்கிறது. பிரிண்டர் ஓட அது தேவையே இல்லை.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறேன். எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகள், மண்ணடி, லிங்கிச் செட்டித் தெரு, தம்பு செட்டித் தெருவில் இருக்கும் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்கள், இங்கெல்லாம் கம்ப்யூட்டர், நெட்வொர்க் பார்ப்பதுதான் என் தொழில். இந்த இடங்களில் பேப்பர் வரவில்லை என்றால் கை ஒடிந்த மாதிரி. ஒரு டாக்குமென்ட் அச்சாகாமல் நின்றால் ஹார்பரில் சரக்கு நிற்கும், டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஏறும். அதனால் பிரிண்டர் சிக்கலைச் சின்ன விஷயமாக நான் நினைப்பதில்லை.

ஒரு ஆடி மாதம். தள்ளுபடிக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டிருக்கும் நேரம். ஜவுளிக் கடை ஒன்றிலிருந்து காலை பத்தரைக்கு போன். மூன்று பில்லிங் கவுன்டர், ஒரே டாட் மேட்ரிக்ஸ், மூன்று பிரதி வரும் பில் பேப்பர். போய் நின்றதும் கவுன்டரில் இருந்த பெண் சொன்னார்: "குடுத்த பில்லு எல்லாம் க்யூவுலயே குந்தினு கீதுண்ணா. நேத்து நைட்டு வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு." முதலாளி கையால் பில் எழுதிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே, "இன்னா தம்பி, ஒயரா?" என்று கேட்டார்.

ஒயர் என்றுதான் நானும் நினைத்தேன். சர்வரிலிருந்து சாம்பாவின் சொந்தக் கருவியான எஸ்எம்பிகிளையன்ட் மூலம் அந்த பிரிண்டர் ஷேரைத் திறந்து பார்த்தபோது 'பேட் நெட்வொர்க் நேம்' என்று பதில் வந்தது. நெட்வொர்க் என்ற சொல்லைப் பார்த்ததும் ஸ்விட்சை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், பெயரை விட்டு ஐபி எண்ணைக் கொடுத்தேன். இரண்டரை மணி நேரம் போனது. கடைசியில் சாம்பாவின் லாகைத் திறந்தேன். ஷேருக்குக் கொடுத்திருந்த ஸ்பூல் ஃபோல்டரே (அச்சுக்குப் போகும் வேலைகள் தற்காலிகமாகத் தங்கும் இடம்) இல்லை என்று ஒரே வரியில் எழுதியிருந்தது. முன்பு யாரோ அமைத்தபோது ஸ்பூலை டெம்ப் ஃபோல்டருக்குள் வைத்திருக்கிறார்கள். டெபியன், உபுண்டு போன்றவற்றில் இயந்திரம் மறுபடி கிளம்பும்போது டெம்ப் துடைக்கப்படும். முந்தின இரவு கரண்ட் போயிருக்கிறது, யூபிஎஸ் பேட்டரி தாங்கவில்லை, காலையில் சர்வர் கிளம்பியபோது ஃபோல்டர் போய்விட்டது. அந்தப் பதிலுக்கு அர்த்தம் 'இந்தப் பெயரில் கொடுக்க என்னிடம் ஷேர் இல்லை' என்பதுதான். ஒயருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

வார் (/var) ஃபோல்டருக்குள் இருக்கும் ஸ்பூலில் சாம்பாவுக்கென ஒரு ஃபோல்டர் உருவாக்கி, 1777 அனுமதி கொடுத்து, கான்ஃப் கோப்பில் பாதையை மாற்றினேன். யார் வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் அவரவர் எழுதியதை அவரவர்தான் அழிக்கலாம், அதுதான் 1777. ஐந்து நிமிட வேலை. டாட் மேட்ரிக்ஸ் கரகரவென்று ஓட ஆரம்பித்ததும் முதலாளி பேனாவை மூடி வைத்தார்.

'ஒரு நாள் ஓடுகிறது, ஒரு நாள் இல்லை' என்று நீங்கள் எழுதியதும் எனக்கு இந்தக் கடைதான் ஞாபகம் வந்தது. ஸ்பூல் பாதையை முதலில் பாருங்கள்.

அன்றிலிருந்து நான் விடாமல் பிடித்துக்கொண்டது ஒன்றே ஒன்று: பேப்பர் எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரியாமல் ஒரு செட்டிங்கைக்கூடத் தொடுவதில்லை. விண்டோஸில் பிரிண்ட் கொடுத்ததும், அது ஸ்பூல்எஸ்எஸ் என்ற ஆர்பிசி (ஒரு கணினி இன்னொன்றை வேலை செய்யச் சொல்லும் முறை) வழியில் சாம்பாவிடம் 'பிரிண்டரைத் திற, டாக்குமென்ட் ஆரம்பம், இந்தா எழுது, முடிந்தது' என்று பேசுகிறது. கோப்பைத் திறந்து மூடும் பேச்சு வேறு, இந்தப் பேச்சு வேறு. கோப்புகள் நன்றாக வருவதால் பிரிண்டரும் வரவேண்டும் என்று நினைப்பது அதனால்தான் தவறு. வந்ததை சாம்பா ஸ்பூல் ஃபோல்டரில் 'எஸ்எம்பிபிஆர்என்' என்று தொடங்கும் கோப்பாக எழுதி, முடிந்ததும் லினக்ஸின் அச்சு மென்பொருளான கப்ஸிடம் ஒப்படைக்கிறது. கப்ஸ் அதை பிரிண்டருக்கு அனுப்புகிறது.

ஆக, கடைசியிலிருந்து முன்னால் வாருங்கள். சர்வரிலேயே உட்கார்ந்து எல்பி கட்டளையால் கப்ஸ் வழியாக ஒரு பக்கம் அச்சடியுங்கள். வரவில்லை என்றால் சாம்பாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வந்தால், அதே சர்வரில் எஸ்எம்பிகிளையன்ட் கொண்டு பிரிண்ட் கட்டளை கொடுங்கள். இது ஸ்பூல்எஸ்எஸ் பக்கம் போகாமல் நேராக ஷேரில் எழுதும். இதுவும் வந்து விண்டோஸில் மட்டும் வரவில்லை என்றால், சிக்கல் ஆர்பிசி பேச்சிலோ டிரைவரிலோ இருக்கிறது. அப்போது ஆர்பிசிகிளையன்ட்டில் ஈனம்பிரிண்டர்ஸ் கொடுத்து, சாம்பா பிரிண்டர்களை வரிசைப்படுத்துகிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனைகள் எல்லாம் சேர்ந்தே பத்து நிமிடம் ஆகாது.

'ஆக்சஸ் டினைட், அனேபிள் டு கனெக்ட்' என்று க்யூ ஜன்னலில் வருகிறது, ஆனால் பேப்பரும் வருகிறது என்றால் பயப்பட வேண்டாம். டிரைவரை சர்வரில் வைக்காமல் ஒவ்வொரு கணினியிலும் தனியாகப் போட்டிருந்தால், விண்டோஸ் அந்த பிரிண்டரைத் தன் சொந்த பிரிண்டராக நினைத்து, லாகின் செய்திருப்பவரின் பெயரில் அட்மின் உரிமையோடு திறக்கக் கேட்கும். சாம்பாவில் அவருக்கு அந்த உரிமை இருக்காது, மறுக்கும். இதற்கென்றே 'யூஸ் கிளையன்ட் டிரைவர்' என்ற அமைப்பு இருக்கிறது. எஸ் என்று போட்டால் சரியாகும். ஆனால் சர்வரிலேயே டிரைவர் ஏற்றி வைத்திருக்கும் பிரிண்டருக்கு இதைப் போடவே கூடாது. சாம்பாவின் கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது.

பேப்பர் வருகிறது, எழுத்து கன்னாபின்னாவென்று இருக்கிறது, அல்லது கப்ஸின் எரர் லாகில் 'அன்சப்போர்ட்டட் ஃபார்மட்' என்று இருக்கிறது என்றால், விண்டோஸ் டிரைவர் ஏற்கெனவே பிரிண்டருக்குப் புரியும் மொழியில் மாற்றிக் கொடுத்ததை கப்ஸ் மறுபடி மாற்றப் பார்க்கிறது என்று அர்த்தம். பில்லிங் மென்பொருள் நேரடியாக அனுப்பும் டாட் மேட்ரிக்ஸ் குறியீடுகளுக்கு இது அடிக்கடி நடக்கும். சாம்பாவில் கப்ஸ் ஆப்ஷன்ஸ் என்ற இடத்தில் 'ரா' (மாற்றாமல் அப்படியே அனுப்பு) என்று கொடுங்கள். கப்ஸின் மைம் கோப்புகளைத் திருத்தச் சொல்லும் பழைய அறிவுரை இப்போது தேவையில்லை.

கப்ஸில் புதிதாகச் சேர்த்த பிரிண்டர் தெரியவில்லையா? சாம்பா தன் பட்டியலைப் புதுப்பிப்பது இயல்பாக 750 வினாடிக்கு ஒருமுறை, அதாவது பன்னிரண்டரை நிமிடம். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

கரண்ட் போய் வந்த பிறகு, முடிந்துபோன வேலைகளே க்யூவில் தெரிந்துகொண்டிருந்தால் கேஷ் பாழாகியிருக்கலாம். சாம்பாவை நிறுத்திவிட்டு, கேஷ் ஃபோல்டருக்குள் பிரிண்டிங் என்ற இடத்தில் உங்கள் பிரிண்டர் பெயரில் இருக்கும் டிடிபி கோப்பை (சாம்பாவின் சிறு தரவுத்தளம்) மட்டும் வேறு இடத்துக்கு நகர்த்துங்கள். மறுபடி கிளப்பினால் புதிதாக உருவாகிவிடும். லிப் ஃபோல்டருக்குள் இருக்கும் டிடிபி கோப்புகளில் கை வைக்காதீர்கள். 3.6 பதிப்பிலிருந்து பிரிண்டர் அமைப்புகளும் டிரைவர் விவரங்களும் சாம்பாவின் ரெஜிஸ்ட்ரியில் இருக்கின்றன. அந்த ரெஜிஸ்ட்ரி கோப்பு லிப் ஃபோல்டரில்தான் இருக்கிறது. அதை அழித்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்ட வேண்டும்.

விண்டோஸ் பக்கம் இரண்டு மாற்றங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். பிரிண்ட்நைட்மேர் என்ற பாதுகாப்பு ஓட்டைக்குப் பிறகு, 2021 ஆகஸ்ட் 10 முதல் சர்வரிலிருந்து டிரைவரை இறக்க அட்மின் உரிமை வேண்டும். அந்தக் கட்டுப்பாடு நியாயமானது, அதைத் தளர்த்தாதீர்கள். நீங்களே போய் ஒருமுறை டிரைவரைப் போட்டுக் கொடுங்கள். இரண்டாவது, விண்டோஸ் 11இன் 22எச்2 பதிப்பிலிருந்து பிரிண்டர் பேச்சு இயல்பாக நேராக டிசிபி வழியில் போகிறது, முன்பு போல நேம்டு பைப் (எஸ்எம்பி இணைப்புக்குள்ளேயே போகும் பாதை) வழியில் இல்லை. சாம்பா காத்திருப்பது பைப்பில். பழைய கணினிகள் எல்லாம் ஓட, புதிதாக வாங்கிய ஒன்று மட்டும் ஓடவில்லை என்றால் இதுதான் முதல் சந்தேகம். குரூப் பாலிசியில் பிரிண்டர்கள் பகுதியில் ஆர்பிசி கனெக்‌ஷன் அமைப்பை நேம்டு பைப்புக்கு மாற்றினால் போதும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் நிற்கிறது என்றால், அது உண்மையான பக் ஆக இருக்கலாம். அப்போது புலம்பலோடு விடாமல் சாம்பாவின் பிழைப் பதிவுத் தளமான பக்ஸில்லாவில் பதிவு செய்யுங்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன். இந்த மென்பொருள் எப்படி வந்தது என்று தெரிந்தால் அதன் மதிப்பு புரியும். கான்பராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1991 கடைசியில் இதை ஆரம்பித்தபோது கையில் முழு ஆவணம் இல்லை. ஒயரில் போகும் பாக்கெட்டுகளைப் பார்த்து, இது கேட்டால் அது இப்படிப் பதில் சொல்கிறது என்று ஒவ்வொன்றாகக் கற்றார். சாம்பா அணிக்கு மைக்ரோசாஃப்டின் நெறிமுறை ஆவணங்கள் கிடைத்தது 2007 டிசம்பரில், ஐரோப்பிய ஆணையத்தின் வழக்குக்குப் பிறகு, 10,000 யூரோ ஒருமுறைக் கட்டணம் கட்டி. அதற்கு முன்பே பல வருடங்களாக உலகம் முழுக்க ஆபீஸ்களில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தெருக் கடைகள் லைசென்ஸ் காசு கட்டாமல் சர்வர் வைத்திருப்பது அந்த உழைப்பினால்தான்.

பதிவு செய்யும்போது, சாம்பா பதிப்பு எண், டெஸ்ட்பார்ம் கட்டளை காட்டும் அமைப்பு, எந்த விண்டோஸ், எந்த வரிசையில் என்ன செய்தால் பிழை வருகிறது, இவை வேண்டும். லாக் அளவை 10க்கு ஏற்றி, பிழையை ஒரே ஒருமுறை வரவழைத்து, உடனே இறக்கிவிடுங்கள். ஏற்றியபடியே விட்டால் டிஸ்க் நிரம்பிவிடும். அதே நேரத்தில் பிடித்த பாக்கெட் பதிவும் இருந்தால் இன்னும் நல்லது. லாகில் உங்கள் பயனர் பெயர்களும் கோப்புப் பெயர்களும் இருக்கும், பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

எந்தப் பதிப்பில் ஓடியது, எந்தப் பதிப்பில் கெட்டது என்று சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. நடுவில் ஆயிரம் மாற்றங்கள் இருந்தாலும், கிட் பைசெக்ட் என்ற கருவி பாதி பாதியாக வெட்டி, சுமார் பத்தே தடவையில் எந்த மாற்றம் என்று காட்டிவிடும். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஒவ்வொரு தடவையும் கம்பைல் செய்து, பேப்பர் வந்ததா இல்லையா என்று மட்டும் சொன்னால் போதும். திருத்தம் எழுதுபவர் எழுதிய பிறகும், சாம்பா அணியில் இரண்டு பேர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் அது உள்ளே போகும். எனவே உடனே நடக்கவில்லை என்று வருத்தப்படாதீர்கள்.

நீங்கள் இப்போது எல்பி, எஸ்எம்பிகிளையன்ட், விண்டோஸ் மூன்றிலும் ஒரே பக்கத்தை அச்சடித்து, எது வந்தது எது வரவில்லை என்று கமெண்டில் எழுதுங்கள். சாம்பா பதிப்பு எண்ணும் ஸ்பூல் பாதையும் சேர்த்துப் போடுங்கள். சாயங்காலம் கடைகள் எடுத்து வைத்த பிறகு உட்கார்ந்து பார்க்கிறேன்.