அமெரிக்கா செழிப்பாக இருப்பதற்கு அது கடவுள் தெரிந்துகொண்ட (தேர்ந்தெடுத்த) தேசம் என்பதுதான் காரணமா?

டாலர் நோட்டிலேயே 'கடவுளை நம்புகிறோம்' என்று அச்சிட்டிருப்பதைக் காட்டி உங்கள் பெரியப்பா இப்படி வாதிடுவதாகக் கேள்வியின் விளக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவரை மறுத்துப் பேசினால் விசுவாசத்தில் குறைந்தவர் என்று வீட்டில் பெயர் வாங்க வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். அந்தப் பெயரை நான் ஏற்கெனவே வாங்கியவன் என்பதால்தான் இதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன்.

என் பதில், இல்லை என்பதே. ஒரு தேசத்தைக் கடவுள் தனியாகத் தெரிந்துகொண்டார் என்ற எண்ணம் வேதாகமத்திலிருந்துதான் அமெரிக்காவுக்கு வந்தது. ஆனால் வேதாகமத்தில் அந்த எண்ணத்தோடு இணைந்திருக்கும் எச்சரிக்கையை அந்த நாடு பெரும்பாலும் வாசிக்காமல் விட்டுவிடுகிறது. நம் ஊர்க் கிறிஸ்தவர்களும் அதே பாதியை மட்டும் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு என்னை நாத்திகன் என்றோ நன்றி மறந்தவன் என்றோ சிலர் எழுதக்கூடும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் மதுரையில் தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பத்தில் பிறந்தவன். என் கொள்ளுத்தாத்தா பசுமலையில் அமெரிக்க மிஷனரிகளிடம் எழுத்துக் கற்றவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்கு அருகே குடியிருக்கிறேன்; என் பிள்ளைகள் பிறந்தது இந்த நாட்டில்தான். இங்கே எனக்குக் கிடைத்த எதையும் நான் சிறிதாக எண்ணவில்லை.

2010-இல் அமெரிக்காவின் விடுதலை நாளான ஜூலை 4-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. மதுரையில் மிஷன் பள்ளியொன்றில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என் அப்பா, ஆறு மாதம் எங்களோடு இருந்துவிட்டுப் போகலாம் என்று அப்போது வந்திருந்தார். அன்றைய ஆராதனையில் வேதபாடம் வாசிக்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருந்தார்கள். பீடத்தின் ஒரு பக்கத்தில் அமெரிக்கக் கொடியும் மறுபக்கத்தில் கிறிஸ்தவக் கொடியும் நின்றன. முதல் பாடலுக்குப் பிறகு ராணுவம், கடற்படை, விமானப்படை என ஒவ்வொரு படைக்கும் உரிய பாடலை ஆர்கனில் வாசித்தார்கள். அந்தந்தப் படையில் பணியாற்றியவர்கள் எழுந்து நிற்க, சபையார் கைதட்டினார்கள். கடற்படைப் பாடலுக்கு எங்கள் வரிசைக்கு முன்னால் இருந்த பெரியவர் ஒருவர் முன் இருக்கையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு மெதுவாக எழுந்தார். அப்பா அவருக்காக மனதாரக் கைதட்டினார். நானும் தட்டினேன். இன்று கேட்டாலும் தட்டுவேன்.

பிறகு நான் போய் வாசித்தேன். போதகர் கொடுத்திருந்த தாளில் பெரிய எழுத்தில் ஒரே ஒரு வசனம் அச்சிடப்பட்டிருந்தது. சங்கீதம் 33:12. நம் வேதாகமத்தில் அது, "கர்த்தரைத் தங்களுக்குத் தெய்வமாகக்கொண்ட ஜாதியும், அவர் தமக்குச் சுதந்தரமாகத் தெரிந்துகொண்ட ஜனமும் பாக்கியமுள்ளது" என்று இருக்கும். ஆங்கிலத்தில் வாசித்து முடித்ததும் 'ஆமென்' என்ற குரல்கள் பலமாக எழுந்தன. எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா காரில் தமிழ் வேதாகமத்தை மடியில் விரித்து வைத்திருந்தார். "ஏப்பா, பன்னெண்டோட ஏன் நிறுத்திட்ட? அதுக்கு அடுத்தது உங்க ஆளுக புஸ்தகத்துல இல்லையா?" என்று கேட்டார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அவரே வாசித்துக் காட்டினார். பதின்மூன்றாம் வசனத்தில் கர்த்தர் வானத்திலிருந்து நோக்கிப் பார்த்து எல்லா மனுபுத்திரரையும் காண்கிறார். பதினாறாம் வசனத்தில் எந்த ராஜாவும் தன் சேனையின் மிகுதியால் இரட்சிக்கப்பட மாட்டான் என்று இருக்கிறது. பதினேழாம் வசனத்தில் போர்க்குதிரையை நம்புவது வீண் என்று இருக்கிறது. படைகளின் பாடல்களுக்கு நடுவே வாசித்த சங்கீதம், தன் அடுத்த வரிகளில் படைபலத்தை நம்பாதே என்று சொல்லிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 'சுதந்தரம்' என்றால் உரிமைச் சொத்து, பிதுரார்ஜிதம் என்று பொருள். விடுதலை நாள் கொண்டாட்டத்தில் அதை இன்றைய பொருளில் எடுத்துக்கொண்டால் வசனமே மாறிப் போகும் என்பதையும் அவர்தான் சொன்னார். அங்கே சொல்லப்படுகிற ஜனம் இஸ்ரவேல். வேறெந்த நாட்டின் பெயரையும் அந்த இடத்தில் எழுத நமக்கு அதிகாரம் இல்லை என்பது அவருடைய கருத்து. பல ஆண்டுகள் யோசித்த பிறகு அது என்னுடைய கருத்துமாயிற்று.

நான் வரலாற்று ஆய்வாளன் அல்ல, ஆனால் அதன்பிறகு தேடித் தேடிப் படித்தேன். படித்த இடமெல்லாம் இதே பாதி வசனம்தான். 1630-இல் மாசசூசெட்ஸுக்குக் குடியேறிய பியூரிட்டன் கிறிஸ்தவர்களுக்காக (இங்கிலாந்துத் திருச்சபையைச் சீர்திருத்த விரும்பியவர்கள்) அவர்களின் ஆளுநர் ஜான் வின்த்ராப் தயாரித்த பிரசங்கத்தில், "மலையின்மேல் இருக்கிற பட்டணம்" என்ற மத்தேயு 5:14-இன் சொற்கள் வருகின்றன. அமெரிக்கா தனித்தன்மை கொண்ட நாடு என்று பேசுகிறவர்கள் எல்லோரும் எடுக்கிற மேற்கோள் அது. ஆனால் வின்த்ராப் சொன்னதன் பொருள், எல்லோருடைய கண்களும் நம்மேல் இருக்கின்றன, நாம் கடவுளிடம் உண்மையில்லாமல் நடந்தால் உலகமெங்கும் பழிச்சொல்லாவோம் என்பதாகும். அவர் அச்சத்தோடு பேசியிருக்கிறார். 1989 ஜனவரியில் ஜனாதிபதி ரொனால்ட் ரீகன் விடைபெறும் உரையில் அதே பட்டணத்தைச் சொன்னபோது அதற்கு 'ஒளிவீசும்' என்ற அடைமொழி சேர்ந்திருந்தது, எச்சரிக்கை இல்லை. இடையில் ஆபிரகாம் லிங்கன் மட்டும் அளந்து பேசியதாக எனக்குப் படுகிறது. 1861 பிப்ரவரியில் நியூ ஜெர்சியில் பேசும்போது அவர் தம் மக்களைத் தெரிந்துகொள்ளப்பட்ட ஜனம் என்று சொல்லாமல், 'ஏறக்குறைய' என்ற சொல்லை முன்னால் வைத்தார். 1865-இல் இரண்டாம் முறை பதவியேற்றபோது, உள்நாட்டுப் போரில் மோதிய இரு தரப்பும் ஒரே வேதாகமத்தை வாசித்து ஒரே கடவுளிடம் ஜெபித்தன, இரண்டின் ஜெபமும் முழுமையாகக் கேட்கப்படவில்லை என்றார்.

உங்கள் பெரியப்பாவின் டாலர் நோட்டுக்கு வருகிறேன். அந்தச் சொற்கள் உள்நாட்டுப் போர்க்காலத்தில், 1864-இல் நாணயத்தில் ஏறின. நாட்டின் அதிகாரபூர்வ முழக்கமாக ஆனது 1956-இல்; காகித நோட்டில் வரத் தொடங்கியது 1957-இல். பள்ளிப் பிள்ளைகள் சொல்லும் கொடி உறுதிமொழி 1892-இல் ஒரு பாப்டிஸ்ட் போதகரால் எழுதப்பட்டபோது அதில் கடவுளின் பெயர் இல்லை. 1954 பிப்ரவரியில் வாஷிங்டனில் ஜனாதிபதி ஐசன்ஹோவர் அமர்ந்திருந்த ஆராதனையில் போதகர் ஒருவர், இந்த உறுதிமொழியை மாஸ்கோ பிள்ளைகளும் தங்கள் கொடிக்குச் சொல்லிவிடலாமே என்று பிரசங்கித்தார்; அந்த ஜூன் மாதமே 'கடவுளின் கீழ்' என்ற சொற்கள் சட்டப்படி சேர்க்கப்பட்டன. சோவியத் நாட்டிலிருந்து தங்களைப் பிரித்துக் காட்ட வேண்டிய தேவை அப்போது பெரிதாக இருந்தது. அப்படிச் செய்தவர்களின் விசுவாசம் போலி என்று நான் சொல்லவில்லை. ஆனால் நோட்டில் அந்த வரி வருவதற்கு முன்பே அமெரிக்கா உலகின் மிகப் பெரிய செல்வந்த நாடாகிவிட்டது என்பதை உங்கள் பெரியப்பா கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

2010-இன் அந்த ஜூலையிலேயே அப்பாவை நியூ எக்கோட்டாவுக்கு அழைத்துப் போனேன். எங்கள் வீட்டிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரப் பயணம். அமெரிக்கப் பூர்வகுடிகளான செரோக்கி மக்களின் தலைநகரமாக இருந்த அந்த இடம் இன்று ஒரு புல்வெளி. ஆங்காங்கே சில கட்டடங்கள். அவற்றில் மிஷனரி சாமுவேல் வூஸ்டரின் இரண்டு மாடி மரவீடு மட்டும் அந்தக் காலத்திலிருந்தே நிற்கிறது. 1828-இல் அங்கிருந்து செரோக்கி எழுத்திலும் ஆங்கிலத்திலும் பத்திரிகை வெளிவந்தது. செரோக்கி எழுத்துக்களின் அச்சைப் பார்த்ததும் அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து நெடுநேரம் பார்த்தார். 1830-இல் அந்த மக்களை மேற்கே அனுப்பும் சட்டம் நிறைவேறியது. வெள்ளையர் எவரும் மாநிலத்துக்கு விசுவாசப் பிரமாணம் செய்யாமல் செரோக்கி நிலத்தில் வசிக்கக் கூடாது என்று ஜார்ஜியா சட்டம் போட, வூஸ்டர் மறுத்தார். 1831-இல் நான்கு ஆண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. மன்னிப்பை ஏற்க மறுத்து அவரும் இன்னொரு மிஷனரியும் சிறைக்குப் போனார்கள். 1832-இல் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தும் மாநிலம் அவரை 1833 ஜனவரியில்தான் விட்டது. 1838-இல் செரோக்கி மக்கள் துப்பாக்கி முனையில் வெளியேற்றப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் முகாம்களிலும் வழியிலும் இறந்தார்கள். 1845-இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையாசிரியர், இந்தக் கண்டம் முழுவதும் தெய்வச் சித்தத்தால் தங்களுக்கு ஒதுக்கப்பட்டது என்று எழுதினார்.

வூஸ்டரை அனுப்பிய மிஷன் சங்கம், 1810-இல் மாசசூசெட்ஸில், பியூரிட்டன்களின் வழிவந்த சபையாரால் தொடங்கப்பட்ட அமெரிக்கன் போர்டு. அதே போர்டு யாழ்ப்பாணம் வழியாக 1834-இல் மதுரைக்கு வந்தது. என் கொள்ளுத்தாத்தாவின் எழுத்து அங்கிருந்து வந்தது. வூஸ்டரின் வீட்டு வாசலில் அப்பா இதை எனக்குச் சொன்னபோது, நாங்கள் யாருக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறோம் என்பது எனக்குத் தெளிவாயிற்று. தன் நாடு கடவுளின் நாடு என்ற நம்பிக்கையால் அந்த நாட்டின் அநியாயத்தை மூடி மறைக்க மறுத்து, அதே விசுவாசத்தால் சிறைக்குப் போன மனிதர்களுக்குத்தான்.

எனக்கு வேறொரு மனக்குறையும் உண்டு. கேட்ட கேள்விக்குச் சற்று வெளியே போகிறது என்றாலும் சொல்லிவிடுகிறேன். 2009-இல் எனக்கு வேலை போனது. ஏழு மாதம் வீட்டில் இருந்தேன். அமெரிக்கா ஜெபிக்கிற தேசம், அதனால் ஆசீர்வாதம் என்று சொல்லும் என் உறவினர்களே அப்போது, எங்கள் ஜெபத்தில் ஏதோ குறை இருந்திருக்கும் என்றார்கள். செல்வம் கடவுளின் சம்மதத்துக்கு அத்தாட்சி என்று ஒரு நாட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால், வறுமை அவருடைய கோபத்துக்கு அத்தாட்சி என்று ஒரு வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். நூறு ஆண்டுகளாக முழங்காலில் நிற்கும் எங்கள் பக்கத்துக் கிராமச் சபைகளுக்கு உங்கள் பெரியப்பா என்ன பதில் சொல்வார்? இந்தியாவில் இப்படிப் பேசுவோர் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் கேட்டது அமெரிக்காவைப் பற்றி. நான் நின்று வாசித்ததும் இங்கேதான்.

2011-இல் ஜூலை 3-ஆம் தேதி ஞாயிறு ஆராதனைக்கும் என்னையே வாசிக்கச் சொன்னார்கள், அதே தாளைக் கொடுத்தார்கள். பன்னிரண்டாம் வசனத்தை வாசித்துவிட்டு, கொண்டுபோயிருந்த வேதாகமத்தைத் திறந்து பதினேழு வரை வாசித்தேன். 'ஆமென்' சொல்வதற்கு இடம் தெரியாமல் சபை சற்று நேரம் அமைதியாக இருந்தது. ஆராதனை முடிந்ததும் போதகர் கைகுலுக்கினார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு அந்த ஞாயிற்றுக்கு வேறொருவரை வாசிக்கச் சொன்னார்கள். அது தற்செயலாகவும் இருக்கலாம். மதுரையிலிருந்த அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, வாசித்தவர் எதுவரை வாசித்தார் என்று மட்டும் கேட்டார்.