கொலுசைப் படமெடுக்கும் பெண்ணுக்கு எதற்கு விலைகொடுத்து ஒரு சீட்?

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். கணவருக்குக் கொலுசுப் பட்டறை வேலை. மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டாள், கணக்கில் கெட்டி. "மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்த்துவிடு, அப்போதுதான் நாலு பேர் மதிப்பார்கள்" என்று பெரியப்பா நிற்கிறாராம். வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கலாமா என்பதுதான் கேள்வி.

வைக்காதீர்கள் அம்மா. கலந்தாய்வில் கிடைக்கும் சீட்டுக்கும் கோட்டா சீட்டுக்கும் பாடம் ஒன்றுதான், கடன் மட்டும்தான் கூடுதல். அந்தக் கடனைப் பெரியப்பா கட்டப்போவதில்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது: "வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரே கொலுசை நாற்பது தடவை எடுத்து நேரத்தை வீணாக்குகிறாள்." அது வீண் இல்லை. பல கோணப் படங்களிலிருந்து ஒரு பொருளையோ இடத்தையோ கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாக எழுப்பி, யாரும் படமெடுக்காத கோணத்திலிருந்தும் காட்டுகிற துறை ஒன்று உண்டு; 'இமேஜ் பேஸ்டு மாடலிங் அண்ட் ரெண்டரிங்' என்பார்கள். 1996-லேயே இதற்கு அடிப்படையான ஆய்வுகள் வந்துவிட்டன. 2020-இல் நெர்ஃப் (காட்சியை ஒரு நியூரல் நெட்வொர்க்கில் பதிப்பது), 2023-இல் காஸியன் ஸ்ப்ளாட்டிங் (காட்சியை லட்சக்கணக்கான மங்கலான நிறப்பொட்டுகளாக எழுப்புவது) என்ற முறைகள் வந்தபின் வேகமெடுத்திருக்கிறது. நகை விற்பனை, சிற்ப ஆவணம், சினிமா, நில அளவை எல்லாவற்றுக்கும் இது வேண்டும். இதன் அடியில் இருப்பது கணக்கில் வரும் அணிகளும் (மேட்ரிக்ஸ்) வடிவியலும். அதனால் சேலத்து அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம், கூடவே பைத்தான் என்ற நிரல்மொழி. பிறகு நிம்செட் நுழைவுத்தேர்வு எழுதி என்.ஐ.டி.யில் எம்.சி.ஏ.வுக்கும், ஜாம் நுழைவுத்தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி.க்கும் முயலலாம். பட்டன் அழுத்த மட்டும் சொல்லித்தரும் அனிமேஷன் கோர்ஸ்களில் பணம் கட்டவே கூடாது.

அவளுக்கு இது ஒத்துவருமா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தெரிந்துவிடும். கொல்லையில் பழைய ஆட்டுக்கல் இருந்தால் போதும். சொரசொரப்பும் புள்ளியும் உள்ள கல் அசையாது, மினுங்காது. மேகமூட்டமான காலையில் கல்லைத் திருப்பாமல் அவளே சுற்றி நடக்கட்டும். முழங்கால் உயரம், இடுப்பு உயரம், தலைக்கு மேல் என மூன்று சுற்று, சுற்றுக்கு முப்பது படம். அடுத்தடுத்த படங்களில் முக்கால் பங்கு ஒன்றாக இருக்க வேண்டும். ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டியிருக்க வேண்டும், ஜூமைத் தொடவே கூடாது. பக்கத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேல் வைத்தால், அதைப் பார்த்து மாடலின் அளவைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

பிறகு கோல்மேப் என்ற இலவச மென்பொருள். படங்களில் பொதுவான புள்ளிகளைத் தேடி, கேமரா எங்கெங்கே நின்றது என்று அது கணக்கிடும். அதை வைத்துத்தான் முப்பரிமாண மாடல் எழும்பும். தொண்ணூறில் அறுபது படம்தான் சேர்ந்தது என்றால் மென்பொருளைக் குறை சொல்லாமல், விட்டுப்போன பக்கத்தை மறுபடி எடுக்க வேண்டும். ஏற்காட்டில் லேடீஸ் சீட்டில் ஒரே இடத்தில் நின்று கேமராவை மட்டும் திருப்பி எடுத்தால் ஆழம் வராது. காலை நகர்த்தினால்தான் ஆழம். மூடுபனியும் காற்றில் ஆடும் இலையும் படத்துக்குப் படம் மாறுவதால் மாடல் கலங்கிப்போகும்.

கொலுசு இரண்டாம் பாடம், கடினமானது. வெள்ளியில் ஒரே இடம் கோணத்துக்குக் கோணம் வேறாக மின்னும், புள்ளி பொருந்தாது. கொலுசை ஒரு செய்தித்தாள் மேல் வைக்கச் சொல்லுங்கள். அச்செழுத்துகளைப் பிடித்துக்கொண்டு கேமராக்களின் இடம் கணக்காகிவிடும். மேற்பரப்பைச் சின்னச் சின்ன முக்கோணங்கள் சேர்ந்த கண்ணி வலையாக (மெஷ்) எழுப்பினால் வெள்ளி மேடுபள்ளமாகத்தான் வரும். ஸ்ப்ளாட்டிங்கில் பார்க்கும் கோணத்துக்கேற்ப நிறம் மாறுவதால் மினுமினுப்பு ஓரளவு நிற்கும். ஏன் அப்படி என்று அவளே துருவிக் கேட்டால் இந்தத் துறை அவளுடையது. அலுத்துப்போனால் கட்டாயப்படுத்தாதீர்கள், வேறு பார்க்கலாம். இதில் உங்கள் விருப்பத்துக்கும் பெரியப்பா விருப்பத்துக்கும் இடமில்லை.

உடனே லேப்டாப் வாங்க ஓடவும் வேண்டாம். படமெடுக்க இருக்கிற போனே போதும், கணக்கு வேலைக்குக் கூகுள் கோலாபில் (இணையம் வழியாகக் கூகுளின் கம்ப்யூட்டரை ஓட்டும் வசதி) இலவசமாகக் கிடைக்கும் நேரத்தில் தொடங்கலாம். நாலைந்து மாடல் உருப்படியாக வந்தபின் என்விடியா கிராபிக்ஸ் கார்டு போட்ட டெஸ்க்டாப் ஒன்றைப் பார்க்கலாம். அதுவரை பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.