ரிவால்வர் கைப்பிடிக் கட்டையை வீட்டில் மாற்றுவது

அண்ணாச்சி, உரிமம் உள்ள உங்கள் 0.32 அங்குல ரிவால்வரின் கைப்பிடிக் கட்டை வெடித்துவிட்டது, பாளையங்கோட்டை வீட்டிலேயே மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக மாற்றலாம்.

முதலில் சுழலும் உருளையிலுள்ள ஆறு தோட்டாக் குழிகளையும் காலி செய்து, தோட்டாக்களை எண்ணி, வேறு அறையில் பூட்டி வையுங்கள். பிறகு ஒவ்வொரு குழியின் வாயையும் சுண்டுவிரல் நுனியால் தடவிப் பாருங்கள்; கண்ணை மட்டும் நம்பாதீர்கள். பேரப்பிள்ளைகள் வந்திருந்தால் அன்று வேலையே வேண்டாம்.

திருகாணியின் பள்ளத்தை முழுவதும் நிரப்பும் திருப்புளி வேண்டும். மெல்லியது வழுக்கி இரும்பில் கோடு போட்டுவிடும். திருகாணியைப் பாதி கழற்றி, அதன் தலையில் மெல்லத் தட்டுங்கள். எதிர்ப்பக்கக் கட்டை தானே எழும்பும். விளிம்பில் நெம்பினால் மரம் சிம்பு சிம்பாகப் பெயரும். புதுக் கட்டை உட்கார மறுத்தால் இறுக்காதீர்கள். அடியிலுள்ள சிறு முளை துளைக்குள் விழவில்லை என்று பொருள்.

கட்டைக்கு அடியில் துரு இருக்கும், நம் ஊர் வியர்வை அப்படி. துப்பாக்கி எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், மார்கழியில் உறைந்துவிடும். உப்புத்தாளைத் துப்பாக்கியின் உடலில் பொறித்த அடையாள எண்ணருகே கொண்டுபோகாதீர்கள், அதை அழிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். உள்பொறியை மட்டும் உரிமம் பெற்ற கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள்.