கியர்பாக்ஸ் போச்சு என்றார்கள், எதைப் பார்த்துச் சொன்னார்கள்?

கேள்வி: என்னிடம் இருப்பது 2015 மாடல் ஜெர்மன் சொகுசு எஸ்யூவி, 3 லிட்டர் டீசல், எட்டு கியர் ஆட்டோமேட்டிக். மூன்று வருஷம் முன்னால் செகண்ட் ஹேண்டில் 24 லட்சத்துக்கு வாங்கினேன், இப்போது 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கொஞ்ச நாளாக மெதுவாகப் போகும்போது வண்டி உலுக்குகிறது. அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பினால் யாரோ பின்னால் பிடித்து இழுத்து விடுவது போல இருக்கிறது. ஷோரூமில் விட்டேன். நான்கு நாள் வைத்திருந்துவிட்டு, கியர்பாக்ஸையே முழுசாக மாற்ற வேண்டும், 9 லட்சத்து 20 ஆயிரம் என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள். ஆயில் மாற்றிப் பார்க்கலாமா என்றால் 'அது லைஃப்டைம் ஆயில் சார், மாற்றவே வேண்டாம்' என்கிறார்கள். வெளி மெக்கானிக் ஒருவரோ, இப்போது போய் ஆயிலை மாற்றினால் இருப்பதும் போய்விடும் என்கிறார். இன்ஜின் ஆயில், பிரேக் பேட், தீபாவளிக்கு முன்னால் டயர் இரண்டு என்று எல்லாம் நேரத்துக்கு மாற்றித்தான் வந்திருக்கிறேன். விற்றால் 12 லட்சம்கூட வராது. என்ன செய்வது?
— கோயம்புத்தூர் வாசகர்

பதில்: டயர் இரண்டு என்று போகிற போக்கில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள், நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். மற்ற இரண்டும் பழசு, அப்படித்தானே? முதல் வேலையாக நான்கு டயரிலும் பட்டன் ஆழத்தை அளந்து பாருங்கள், நான்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடல்தானா என்றும் பாருங்கள்.

உங்கள் வண்டி மாதிரியானவற்றில் கியர்பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று தனியாக ஒரு பெட்டி இருக்கும், இன்ஜினின் இழுவையை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதான். அதற்குள் இருக்கும் கிளட்ச் தேவைக்கு ஏற்ப இறுகும், தளரும். புது டயரின் சுற்றளவு தேய்ந்த டயரைவிடக் கொஞ்சம் அதிகம், அதனால் முன்னால் புதுசு, பின்னால் பழசு என்றோ மாற்றியோ போட்டால் நேர் ரோட்டில் போகும்போதுகூட இரண்டு அச்சும் வேறு வேறு வேகத்தில் சுற்றி, அந்தக் கிளட்ச் நாள் முழுக்க உரசிக்கொண்டே இருக்கும். ஸ்டியரிங்கை ஒடித்தால் பிடித்து இழுக்கிறது என்கிறீர்களே, அது கியர்பாக்ஸைவிட டிரான்ஸ்ஃபர் கேஸுக்குத்தான் நன்றாகப் பொருந்துகிற அறிகுறி. பழைய பிஎம்டபிள்யூ எக்ஸ்3, எக்ஸ்5 வண்டிகளில் இந்தப் பெட்டியை இயக்கும் மோட்டாருக்குள் ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்து தொல்லை கொடுப்பது ஊரறிந்த விஷயம். முதல் தலைமுறை போர்ஷே கயென்னில் புரொப்பல்லர் ஷாஃப்டின் (இழுவையை அச்சுக்குக் கொண்டுபோகும் நீளத் தண்டு) நடு பேரிங்கைத் தாங்கும் ரப்பர் கிழிந்து அடியில் டங் டங் என்று அடிக்கும், அதையும் கியர்பாக்ஸ் என்று நினைத்துப் பயந்தவர்கள் நிறைய.

கடிதத்தை வைத்து இதுதான் கோளாறு என்று நான் சொல்ல முடியாது. ஆனால் 9 லட்சம் கேட்கிறவர்கள் எதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பிரின்ட் எடுத்துக் கொடுங்கள், எந்தக் கோளாறு எண் வந்தது, எந்தப் பாகம் பழுது, அந்தப் பாகம் தனியாகக் கிடைக்காதா, டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலைப் பார்த்தீர்களா, பேட்டரி எத்தனை வோல்ட் காட்டியது (வீக்கான பேட்டரியும் கியர்பாக்ஸ் எச்சரிக்கைகளைக் கிளப்பிவிடும்) என்று மெயிலில் கேளுங்கள். போனில் கேட்டால் பதில் காற்றோடு போய்விடும்.

ஷோரூம்காரர்கள் ஏன் முழுப் பெட்டியையே மாற்றச் சொல்கிறார்கள் என்றால், எல்லா இடத்திலும் ஏமாற்று வேலை என்று சொல்லமாட்டேன். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்க்கும் ஆளும் அதற்கான சுத்தமான அறையும் பெரும்பாலான சர்வீஸ் சென்டர்களில் கிடையாது. பெட்டியைக் கழற்றி இன்னொரு பெட்டியைப் பூட்டினால் அவர்களுக்கு ரிஸ்க் இல்லை. அந்த நிம்மதிக்கு நீங்கள் பணம் கட்டுகிறீர்கள், அவ்வளவுதான்.

சரி, லைஃப்டைம் ஆயிலுக்கு வருவோம். பிஎம்டபிள்யூ, லேண்ட் ரோவர், ஆடி, ஜீப் என்று பலரும் வாங்கிப் பொருத்துவது ஜெர்மனியில் இருக்கும் இசட்எஃப் நிறுவனத்தின் 8ஹெச்பி பெட்டியை. அதைச் செய்தவர்களே, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள். உங்கள் வண்டி வருஷக் கணக்கில் எப்போதோ தாண்டிவிட்டது. அவிநாசி ரோட்டு நெரிசலிலும் ஊட்டி ஏற்றத்திலும் கொதித்த ஆயில் அது. அந்தப் பெட்டியில் ஃபில்டரும் அடிச்சட்டியும் ஒரே பிளாஸ்டிக் பாகம், அதனால் ஆயில் மாற்றும்போது சட்டியையே மாற்ற வேண்டும். அதுவும் சேர்த்துக்கூட உங்கள் எஸ்டிமேட்டில் பத்தில் ஒரு பங்கைத் தொடாது.

வெளி மெக்கானிக் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. உள்ளே கிளட்ச் தகடுகள் ஏற்கெனவே தேய்ந்துபோயிருந்தால் புது ஆயில் ஊற்றிய பிறகு வழுக்கல் வெளியே தெரிய ஆரம்பிக்கும், பழி ஆயிலின் தலையில் விழும். ஆனால் ஆயில் மாற்றியதும் பெட்டி போச்சு என்று நான் விசாரித்த சில கதைகளில் காரணம் வேறாக இருந்தது, ஆயில் குறைவாக ஊற்றியிருந்தார்கள். இந்தப் பெட்டிகளில் அளவு பார்க்கும் கம்பி கிடையாது. வண்டியைச் சமமாகத் தூக்கி, இன்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொரு கியராகப் போட்டு, ஆயில் சுமார் 40 டிகிரி சூட்டில் இருக்கும்போது நிரப்பும் துளை வழியாக லேசாக வழியும்வரை ஊற்ற வேண்டும். ஸ்கேனர் இல்லாமல், இன்ஜினை அணைத்துவிட்டு, வழிந்தது போதும் என்று மூடுகிற பட்டறையாக இருந்தால் அங்கே விடாதீர்கள். வடித்த ஆயிலை உங்கள் கண் முன்னால் பார்க்கச் சொல்லுங்கள். சட்டியில் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம், பளபளவென்று உலோகத் துணுக்கும் தீய்ந்த வாடையும் இருந்தால் பெட்டியைப் பிரித்தே ஆக வேண்டும்.

அப்படியே பிரச்சினை கியர்பாக்ஸில்தான் என்று தெரிந்தாலும் அது எப்போதும் முழுப் பெட்டியாக இருக்காது. 60, 70 வேகத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் கோடு போட்ட ரோட்டில் போவது போல நடுங்கினால், இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துகிற டார்க் கன்வெர்ட்டரைச் சந்தேகிக்கலாம். கியர் விழும்போது மட்டும் அடித்தால், ஆயிலை வேண்டிய கிளட்ச்சுக்குத் திருப்பிவிடும் வால்வு பாடியும் கம்ப்யூட்டரும் ஒன்றாக இருக்கிற மெக்கட்ரானிக் என்ற பாகம். மெர்சிடிஸின் ஏழு கியர் பெட்டியில் வேகம் அறியும் சென்சார்கள் அந்தக் கம்ப்யூட்டர் தகட்டிலேயே இருக்கும், ஒரு சென்சார் போனால் வண்டி ஒரே கியரில் சிக்கிக்கொள்ளும், பெட்டியின் இரும்பில் ஒரு குறையும் இருக்காது. பழைய வண்டியிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரைக் கழற்றி அப்படியே மாட்டவும் முடியாது, அது அந்தந்த வண்டியோடு பூட்டி எழுதப்பட்டது.

வெளிப் பட்டறைக்காரர்கள் ஏன் இதில் திணறுகிறார்கள் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உதிரி பாகமும் பரிசோதனைக் கருவியும் வெளிப் பட்டறைகளுக்குத் தாராளமாகக் கிடைக்கவிடவில்லை என்பதுதான் காரணம். அபராதம் மேல்முறையீடுகளில் சிக்கிக்கொண்டது. நமக்கு வேண்டியது, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டுமே பார்க்கிற பட்டறை. அது பக்கத்துத் தெருவில் கிடைக்காது, வண்டியை பெங்களூருக்கோ சென்னைக்கோ ஏற்றி அனுப்ப வேண்டியிருந்தாலும் 9 லட்சத்தோடு ஒப்பிட்டால் லாபம்தான். ஆனால் அதற்கு முன் டயர், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், இந்த வரிசையில் பார்த்து முடித்துவிடுங்கள்.

கேள்வி: சென்னையில் 2014 மாடல் சொகுசு எஸ்யூவி ஒன்று 15 லட்சத்துக்கு வருகிறது. ஓட்டிப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி போகிறது. வாங்கலாமா?
— தாம்பரம் வாசகர்

பதில்: சூடான வண்டியை ஓட்டிக் காட்டியிருப்பார்கள். முந்தின ராத்திரியிலிருந்து ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லி, காலையில் நீங்களே முதல் சாவி போடுங்கள். டி-யிலும் ஆர்-இலும் மாற்றி மாற்றிப் போடும்போது ஓரிரு நொடி யோசித்துவிட்டுத் தடாலென்று பிடித்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். அப்புறம் முழு ஒடிப்பில் இரண்டு பக்கமும் யூ டர்ன், நான்கு டயரின் தயாரிப்புத் தேதி, ஸ்கேன்.

சென்னை வண்டி என்பதால் இன்னொன்று. 2015 டிசம்பர், 2023 டிசம்பர் வெள்ளங்களில் இந்த வண்டி எங்கே நின்றது? கியர்பாக்ஸுக்கு மூச்சுவிட ஒரு துளை உண்டு, வண்டி மூழ்கினால் அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். ஆயிலில் கலந்த தண்ணீர் கிளட்ச் தகட்டில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பூச்சை மெல்ல உரித்துவிடும், அது உடனே தெரியாது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள், ஸ்டெப்னி குழியில் வண்டல் இருக்கிறதா, சீட்டின் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பழைய இன்சூரன்ஸ் பாலிசி நகல்களைக் கேளுங்கள், திடீரென்று ஒரு வருஷம் நோ கிளெய்ம் போனஸ் காணாமல் போயிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

15 லட்சத்துக்கு வாங்கினாலும் அதன் உதிரி பாகத்தின் விலை 70 லட்ச ரூபாய் வண்டியின் விலைதான். கையில் இன்னும் 3, 4 லட்சம் ஒதுக்கி வைக்க முடியாது என்றால் இதை விட்டுவிட்டுப் புது டொயோட்டாவோ மாருதியோ பாருங்கள், மாமனார் வீட்டில் கொஞ்சம் மதிப்புக் குறைந்தால் குறையட்டும்.

கேள்வி: 14 மாதம் முன்னால் 88 லட்சம் கொடுத்துப் புது எஸ்யூவி வாங்கினேன், எங்கள் பிரைவேட் லிமிடெட் பெயரில். மூன்றாவது கியரில் நடுக்கம். ஐந்து தடவை விட்டாயிற்று, ஒவ்வொரு தடவையும் சாஃப்ட்வேர் அப்டேட் என்று திருப்பித் தருகிறார்கள். கடைசியாக 'இந்த மாடலின் இயல்பே இப்படித்தான்' என்றுவிட்டார்கள். வண்டியையே மாற்றித் தரச் சொல்லி வழக்குப் போடலாமா?
— மதுரை வாசகர்

பதில்: இயல்பு என்றால் அதே மாடலின் டெமோ வண்டியை எடுத்து வரச் சொல்லுங்கள், அதே ரோட்டில், அதே வேகத்தில், அவர்கள் டெக்னீஷியனைப் பக்கத்தில் உட்கார வைத்து இரண்டையும் ஓட்டுங்கள். நடுக்கம் உங்கள் வண்டியில் மட்டும் என்றால் அதை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். 'கஸ்டமர் சொன்னபடி சரிபார்க்கப்பட்டது' என்று மொட்டையாக எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள், கோளாறை உங்கள் வார்த்தையில் எழுதிவிட்டுக் கீழே போடுங்கள். ஐந்து ஜாப் கார்டும் பின்னால் உங்கள் ஆயுதம்.

வழக்குப் போடலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, கொடுத்த விலை 50 லட்சத்தைத் தாண்டினால் மாவட்ட ஆணையம் எடுக்காது, 2 கோடி வரை மாநில ஆணையம்தான், அதற்கு உங்கள் ஊரிலேயே ஓர் அமர்வு இருக்கிறது. நீங்கள் வசிக்கிற இடத்திலேயே போடச் சட்டம் அனுமதிக்கிறது. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும், சாஃப்ட்வேர் அப்டேட் கணக்கிலேயே காலம் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பெனி பெயரில் வாங்கியதால் நீங்கள் நுகர்வோர் இல்லை என்று எதிர்த்தரப்பு சொல்லும். இயக்குநரின் சொந்த உபயோகத்துக்காகக் கம்பெனி கார் வாங்கினால் அதை வணிக நோக்கம் என்று சொல்ல முடியாது என்பதை 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

ஆனால் முழு வண்டியையும் மாற்றித் தருவார்கள் என்ற நம்பிக்கையோடு போகாதீர்கள். 2006-இல் மாருதி உத்யோக் வழக்கு ஒன்றில், கிளட்ச் கோளாறுக்காகக் காரையே மாற்றித் தரச் சொன்ன உத்தரவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, வாரன்ட்டி என்பது பழுதான பாகத்துக்குத்தான் என்று சொன்னது. திரும்பத் திரும்பப் பழுதாகும் புது வண்டியை மாற்றியோ பணத்தைத் திருப்பியோ தர வைக்கிற, அமெரிக்காவில் இருப்பது போன்ற 'லெமன்' சட்டம் நம் ஊரில் கிடையாது. அதனால் மனுவில் வண்டி மாற்றம், இல்லையென்றால் புது கியர்பாக்ஸும் வாரன்ட்டி நீட்டிப்பும் இழப்பீடும் என்று இரண்டையும் கேளுங்கள். தயாரிப்புக் கோளாறு என்று நிரூபிக்க நிபுணர் அறிக்கை வேண்டும், பரிசோதனைக்கு அனுப்பும்படி ஆணையத்தையே கேட்கலாம். வழக்குக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு புகாரைப் பதிவு செய்யுங்கள், சில சமயம் அங்கேயே தலைமை அலுவலகம் இறங்கி வரும்.

கேள்வி: கொடைக்கானல் மலையில் எங்கள் ஆட்டோமேட்டிக் ஃபோர் வீல் டிரைவ் நின்றுவிட்டது. ரிக்கவரிக்காரர் முன்பக்கத்தை மட்டும் தூக்கி இழுத்துப் போகிறேன் என்கிறார், நியூட்ரலில் போட்டால் ஒன்றும் ஆகாதாம். உண்மையா?
— வத்தலக்குண்டு வாசகர்

பதில்: இல்லை. இன்ஜின் ஓடினால்தான் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பம்ப் ஓடும், பம்ப் ஓடினால்தான் ஆயில் சுற்றும். பின் சக்கரம் உருளுகிறது, உள்ளே ஆயில் ஓடவில்லை என்றால் மலை இறங்கி முடிப்பதற்குள் நல்ல பெட்டியும் காய்ந்துபோகும். நான்கு சக்கரமும் தரையைத் தொடாதபடி ஃபிளாட்பெட் என்கிற பிளாட்ஃபார்ம் வண்டியில்தான் ஏற்ற வேண்டும். இன்சூரன்ஸ் உதவிக்குப் போன் செய்யும்போதே ஃபோர் வீல் டிரைவ், ஃபிளாட்பெட் அனுப்புங்கள் என்று சொல்லிவிடுங்கள், இரண்டு மணி நேரம் கூடக் காத்திருக்க நேர்ந்தாலும் பரவாயில்லை.